பனி உருகும்போது வயலை வெட்டும் பள்ளம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

குளிர்நாட்டு வயல்களில் அரிப்புப் பள்ளம் வேகமாக வளர்வது பெரும்பாலும் பனி உருகும் சில வாரங்களில்தான். மேல்மண் இளகிச் சேறாகியிருக்கும், ஒரு சாண் கீழே நிலம் இன்னும் உறைந்து இறுகிக் கிடக்கும். உருகிய நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் இளகின மண்ணை அள்ளிக்கொண்டு மேலோடு ஓடுகிறது. இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.

பள்ளம் விழுந்த வயலுக்குப் போகும்போதெல்லாம் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். பள்ளம் எங்கே தெரிகிறதோ அங்கே மண் கொட்டியிருப்பார்கள், அடுத்த வசந்தத்தில் அந்த மண் வாய்க்காலுக்குப் போயிருக்கும். தண்ணீரைக் கவனிக்காமல் பள்ளத்தை மட்டும் கவனித்தால் இப்படித்தான் ஆகும். கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் வரிசை ஒன்றுதான்: மேலிருந்து வரும் தண்ணீர் முதலில், பள்ளத்தின் தலை (அது தொடங்கும் மேல்முனை) அடுத்து, அப்புறம் அடிமட்டம், கடைசியில்தான் கரை.

எப்போது பார்ப்பது, எப்போது வேலை செய்வது

பார்க்க வேண்டிய நேரம், பனி உருகும் நாட்களின் பிற்பகல். இரவில் எல்லாம் உறைந்து நின்றுவிடும், காலையில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கும், பிற்பகலிலிருந்து அந்திவரை ஓட்டம் உச்சத்தில் இருக்கும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு ‘பெரிதாகத் தண்ணீர் இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தி நேரத்தில் ஓட்டத்தின் கூடவே மேல்நோக்கி நடந்தால், எந்தச் சால் எங்கே சேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அந்த இடம் அடையாளமே தெரியாது.

மண்வேலைக்குக் கோடையின் பின்பகுதிதான் சரியான காலம். நிலம் காய்ந்திருக்கும், போட்ட புல் வேர்விட உறைபனிக்கு முன் அவகாசம் இருக்கும். உறைந்த மண்கட்டிகளை வைத்து எதையும் நிரப்பாதீர்கள், கட்டாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழும், உருகியதும் மொத்தமும் உட்காரும்.

கையில் வேண்டியவை: ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பி, கடப்பாரை, முளைக்குச்சிகள், டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்), மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் மழைநீர்.

## அறிகுறி 1: உழுது மூடினாலும் அதே இடத்தில் மறுபடி வாய்க்கால் விழுகிறது

டிராக்டர் ஏறிக் கடக்க முடிகிற ஆழம்தான் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. கடக்க முடியாது என்றால் நேராக அறிகுறி 2.

உழவின் போக்கு. செலவே இல்லாமல் சரியாகக்கூடியது இது, அதனால் முதலில் பாருங்கள். சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுதிருக்கிறதா? மருந்தடிக்கும் வண்டியின் சக்கரத்தடம் சரிவோடு இறங்குகிறதா? டிராக்டர் திரும்பும் ஓரத்தில் கடைசிச் சால் ஆழமாக விட்டுப்போயிருக்கிறதா? ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வெட்டிக்கொடுத்த தயார் வாய்க்கால். வடகிழக்குச் சீனாவின் கரிசல் பகுதியில் சரிவு மிகக் குறைவு, ஆனால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஓடும். பாத்திகளைச் சரிவின் போக்கில் போடும் பழக்கமும் அதோடு சேர்ந்ததால், தட்டையாகத் தெரிகிற வயலிலும் பள்ளம் விழுகிறது. சரிவு குறைவு என்று அசட்டையாக இருக்க வேண்டாம், நீளத்தைப் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் உழவை மாற்றுங்கள். ஆனால் குறுக்குச் சால்கள் நடுவில் ஒரு தாழ்வான இடத்தில் போய்க் கூடினால், அங்கே தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கும். அந்தத் தாழ்வில், பின்னால் சொல்லும் புல் வாய்க்கால் அவசியம்.

இலையுதிர் கால உழவு. அறுவடை முடிந்ததும் உழுது, வெறும் மண்ணாகக் குளிர்காலத்துக்கு விட்டீர்களா? அரிதாளை அப்படியே நிறுத்தி, உழவை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். நார்வேயில் இப்படி உழாமல் விடும் விவசாயிகளுக்கு அரசு மானியமே தருகிறது, அரிப்பில் அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது. நிலம் குளிர்காலத்துக்குள் எவ்வளவு ஈரத்தோடு நுழைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்த மண் உறைந்தால் தண்ணீர் புகச் சந்து இருக்காது, காய்ந்து உறைந்த மண்ணில் ஓரளவு இறங்கும். ஈரமான இலையுதிர் காலத்துக்குப் பின் வரும் வசந்தத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

பனி ஒரே இடத்தில் குவிவது. காற்றுத்தடுப்பு மரவரிசை, வேலி, மேட்டின் பின்பக்கம் ஆகியவற்றில் பனி மலையாகச் சேரும். அந்தக் குவியல் உருகும் தண்ணீர் முழுவதும் ஒரு தாழ்வில் இறங்கினால் பள்ளம் அங்கேதான் பிறக்கும். வயல் முழுக்க அரிதாளை உயரமாக விட்டால் பனி பரவலாகத் தங்கும், குவியல் சிறுக்கும்.

இயற்கையான தாழ்வு. மேலே சொன்ன எதுவும் காரணமில்லை, அந்த இடம்தான் தாழ்வு என்றால், தண்ணீர் அங்கே போகத்தான் செய்யும். அதைப் புல் வாய்க்காலாக மாற்றிவிடுங்கள். அகலமாக, ஆழமில்லாமல், நடுவில் மெல்லக் குழிந்த வடிவம் வேண்டும். ஓரம் செங்குத்தாக இருந்தால் ஓரத்தில்தான் வெட்டும். முதல் உறைபனிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விதைப்பு முடிந்திருக்க வேண்டும். முளைத்து ஒரு விரல் உயரம் வந்த புல் உருகுநீரைத் தாங்காது. காலம் தவறிவிட்டால் தேங்காய்நார் விரிப்பையோ வைக்கோல் வலையையோ பரப்பி, முளையடித்து, மேலிருந்து வரும் தண்ணீரை அந்த வருஷம் மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

புல் வாய்க்கால் கெட்டுப்போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இரண்டு. களைக்கொல்லி அடிக்கும்போது வாய்க்காலைக் கடக்கையில் தெளிப்பானை நிறுத்தாமல் போவது ஒன்று, அதை வண்டிப் பாதையாகப் பயன்படுத்துவது இன்னொன்று. புல் திட்டுத்திட்டாகச் செத்திருந்தால் முதலில் இவற்றை விசாரியுங்கள்.

## அறிகுறி 2: பள்ளத்தின் தலை மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது

மொத்தப் பள்ளத்திலும் ஆபத்தான இடம் இதுதான். தலையை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அளவு. தலையின் விளிம்பிலிருந்து மேல்பக்கம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், ஐந்து மீட்டர் தூரத்தில் முளைக்குச்சி அடியுங்கள். உறைபனிக்கு முன் ஒரு முறை, பனி உருகி முடிந்ததும் ஒரு முறை, கோடை மழைக்குப் பின் ஒரு முறை பாருங்கள். எந்தக் காலத்தில் குச்சி விழுகிறது என்பதே காரணத்தைப் பாதி சொல்லிவிடும்.

அப்புறம் தலைக்கு எதிரே, பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும்போது அதன் அடியில் போகாதீர்கள், மேலே ஏறியும் நிற்காதீர்கள். உருகும் காலத்தில் அது சொல்லாமல் விழும்.

தண்ணீர் விளிம்பின் மேலாக விழுகிறது என்றால்: விழும் இடத்தில் குழி பறித்து, அடியைக் குடைந்து, மேலே உள்ளதை விழவைக்கிறது. மலிவான வழி, தலைக்கு மேலே சரிவுக்குக் குறுக்காக ஒரு வரப்பும் வாய்க்காலும் போட்டுத் தண்ணீரைத் திருப்புவது. திருப்பிய தண்ணீர் போய்ச் சேரும் இடம் புல் மூடிய, உறுதியான இடமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புதிய பள்ளத்துக்கு நீங்களே வழி வெட்டுகிறீர்கள். பக்கத்து நிலத்துக்குள் திருப்பவும் கூடாது. திருப்ப இடமில்லை என்றால் தலையைச் சீவி, ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு நீளம் என்று சாய்வாக்குங்கள். மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்கும் துணி) விரித்து, அதன்மேல் கோணல்மாணலான உடைகல்லை அடுக்குங்கள். உருண்டைக் கல் உருளும். துணியை விட்டுவிடாதீர்கள். துணி இல்லாத கல்லடுக்கில் கல்லிடுக்கு வழியாக மண் கரைந்து போய், கல் மட்டும் கீழே இறங்கிவிடும். துணியின் மேல் ஓரத்தைத் தலைக்கு மேலே ஒரு குழி வெட்டிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் துணிக்கு அடியில் புகும்.

தண்ணீர் விளிம்புக்குக் கீழே சுவரிலிருந்து கசிகிறது என்றால்: கல் அடுக்கிப் பயனில்லை. குளிர்காலத்தில் இந்தக் கசிவு பனிக்கட்டித் திரையாக உறைந்து நிற்கும், அதுதான் நல்ல அடையாளம். கசியும் மட்டத்துக்கு மேல்பக்கம் சரளை போட்ட வடிகுழாய் பதித்து நீரைப் பள்ளத்தின் அடிக்கு இறக்க வேண்டும். சிறிய கசிவென்றால் நீங்களே செய்யலாம். வருஷம் முழுக்க ஓடினால் பொறியாளர்.

தண்ணீரே ஓடவில்லை, ஆனாலும் மண் உதிர்கிறது என்றால்: உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி வரும் நாட்களில் காலையில் போய்ச் சுவரை உற்றுப் பாருங்கள். மண்ணின் மேல்தோலைத் தூக்கிக்கொண்டு, ஊசி ஊசியாகப் பனி நிற்கும். வெயில் ஏறியதும் ஊசி உருகி, தூக்கிய மண் பொலபொலவென்று உதிரும். ஒருநாள் உதிர்வது கைப்பிடி அளவு, ஆனால் வசந்தம் முழுக்க நடக்கும், அடியில் தளர்ந்து குவியும் மண் அடுத்த ஓட்டத்துக்குத் தயார். செங்குத்துச் சுவரைச் சாய்வாக்கி, வைக்கோலோ நார் விரிப்போ போட்டு மூடி, புல் பிடிக்க வையுங்கள். மூடின மண்ணில் ஊசிப்பனி அவ்வளவாக வராது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தலை ஆளுயரத்துக்கு மேல் இருந்தால், தலைக்கு மேலே வீடு, சாலை, புதைகுழாய், மின்கம்பம் இருந்தால், மேலே உள்ள நீர்ப்பிடிப்பு உங்கள் வயலைத் தாண்டி விரிந்திருந்தால். அந்த நிலையில் தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கும் குழாய்வழி இறக்கமோ, கம்பிவலைக்குள் கல் நிரப்பிய கற்கூண்டுப் படியோ தேவைப்படும், அதற்கு நீரோட்டக் கணக்குப் போட்டாக வேண்டும்.

## அறிகுறி 3: தடுப்பணை போட்டும் நிற்கவில்லை

எங்கே உடைந்தது என்று பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும்.

பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போயிருந்தால்: நடுவில் கலிங்கு (தண்ணீர் வழிந்து போகும் தாழ்வான வாய்) இல்லை, அல்லது போதவில்லை. அணையின் நடுப்பகுதி இரண்டு ஓரங்களைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருக்க வேண்டும். மேல்விளிம்பு சமமாக இருந்தால் தண்ணீர் மெத்தென்ற கரையைத்தான் தேர்ந்தெடுக்கும். அணையின் இரண்டு முனைகளையும் கரைக்குள் குறைந்தது அரை மீட்டர் வெட்டிச் செருகுங்கள்.

அடியில் குடைந்து போயிருந்தால்: அணைக்கு அடியில் ஓரடி ஆழம் தோண்டி அடித்தளம் பதிக்காமல் மேலேயே கல்லை வைத்திருப்பார்கள். பிரித்து மறுபடி கட்டுவதுதான் வழி.

கீழ்ப்பக்கம் குழி விழுந்து முன்னால் சாய்ந்திருந்தால்: விழும் நீருக்குக் கல் பாவிய மேடை இல்லை. கலிங்கு உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கல் பாவுங்கள்.

அணைகளுக்கு இடையே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனால்: இடைவெளி அதிகம். கீழணையின் கலிங்கு மட்டமும் மேலணையின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். டியூப் லெவல் வைத்துப் பார்த்துவிடலாம். பள்ளத்தின் அடி 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்குகிறது, கலிங்கு உயரம் 80 சென்டிமீட்டர் என்றால் அணைக்கு அணை 16 மீட்டர். ஒரு பெரிய அணையைவிட இப்படித் தாழ்வான பல அணைகளே குளிர்நாட்டில் நிற்கின்றன. நீங்களே போடும் அணை ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

வெடித்தோ தூக்கிக்கொண்டோ இருந்தால்: உறைபனியின் வேலை. சிமென்ட் வைத்துக் கட்டிய கல்லணையில் இது சாதாரணம், ஈர மண் உறைந்து ஊதும்போது இறுகிய கட்டுமானம் விரியும். உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போட முடியாவிட்டால் சிமென்ட்டை விட்டுவிடுங்கள். சும்மா அடுக்கிய உடைகல், கம்பிவலைக் கற்கூண்டு, சுள்ளிக்கட்டு எல்லாம் கொஞ்சம் நெளிந்து கொடுத்துவிட்டு நிற்கும். வசந்தத்துக்குப் பின் கலிங்கு மட்டத்தை ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

உடைவதற்கு முன் ஒரு சோதனை: காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர்ப் பாட்டிலில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் விடுங்கள். கட்டி உடைந்து கீழே உட்கார்ந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கிப் பரவினால் அந்த மண் தண்ணீரில் தானாகக் கரையும் வகை. அதில் தண்ணீரைத் தேக்கும் எந்த மண்ணணையும் உள்ளுக்குள் துளை விழுந்து போகும். கட்டுவதற்கு முன்பே நிபுணரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 4: கரை பாளம் பாளமாக வழுக்கி விழுகிறது

கம்பியைக் கரையில் குத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் எளிதாக இறங்கி டங்கென்று நின்றால், உறைமண்ணின் மேல் இளகிய மண் வழுக்குகிறது. உருகி முடியும்வரை அங்கே எதுவும் செய்ய முடியாது, விலகி இருங்கள். விழுந்த பாளம் அடுத்த வருஷமும் அடியில் கிடந்து புல் முளைத்தால், பள்ளம் தானாக அடங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள், அதைக் கிளறாதீர்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தால் பிரச்சினை கரையில் இல்லை, அடிமட்டத்தில். முதலில் தடுப்பணை.

அடிமட்டம் நின்ற பிறகு, ஏரும் சக்கரமும் மாடும் விளிம்பை நெருங்காமல் சில மீட்டர் விட்டு, கரையை ஒன்றுக்கு இரண்டு என்ற சாய்வில் சீவி, வில்லோ மரப் போத்து (வேர்விடும் கிளைத்துண்டு) நடுங்கள். இந்த ஒரு வேலை சரியாக நடந்தால் கரைக்கு வேறொன்றும் தேவையில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். போத்தை வெட்டுவது மொட்டு விடுவதற்கு முன், மரம் உறக்கத்தில் இருக்கும்போது. கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அடிமுனையைக் கூராகச் சீவி, மேல்முனையைத் தட்டையாக வெட்டினால் தலைகீழாக நடும் குழப்பம் வராது. நிலம் இன்னும் உறைந்திருக்கும், எனவே கட்டுகளை நிழலில் பனிக்குள் புதைத்து வையுங்கள். மண் இளகியதும் எடுத்து ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கடப்பாரையால் துளையிட்டு, முக்கால் பாகம் உள்ளே போகும்படி இறக்கி, சுற்றிலும் மண்ணைக் கெட்டியாக மிதியுங்கள். உள்ளே காற்றிடைவெளி இருந்தால் வேர் வராது. குட்டையாக நட்டால் அடுத்த குளிர்காலத்தில் உறைபனி அதைப் பிடுங்கி மேலே தள்ளிவிடும். சுத்தியல் பட்டுப் பிளந்த தலையைச் சீவிவிடுங்கள்.

நிறுத்திவிட்டு உடனே கேட்க வேண்டிய நிலை: நார்வே, சுவீடன், கிழக்குக் கனடா ஆகிய இடங்களில், முன்பு கடலடியில் இருந்து மேலே வந்த களிமண் நிலம் உண்டு. அதில் சில இடங்களில், குலைந்தால் திரவமாகி ஓடும் மண் இருக்கிறது. நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978 ஏப்ரல் 29 அன்று, பண்ணைக் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 700 கனமீட்டர் மண்ணை ஏரிக்கரையில் குவித்ததில் தொடங்கிய சரிவு 50 லட்சம் கனமீட்டருக்கு மேல் நிலத்தை இழுத்துக்கொண்டு போனது, ஓர் உயிரும் போனது. அப்படிப்பட்ட பகுதியில் கரையைச் சீவுவது, விளிம்பில் மண் குவிப்பது இரண்டுமே மண்நிபுணரின் அனுமதியோடுதான். எந்த நிலத்திலும் விளிம்புக்கு இணையாகப் புது விரிசல் ஓடினால் இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: வயல் நடுவே திடீரென்று குழி

குழிகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பழைய வடிகுழாய் உடைந்திருக்கிறது. தோண்டிக் குழாயை மாற்றாமல் மண்ணை மட்டும் போட்டால், அந்த மண்ணும் குழாய் வழியாகவே போகும். வளைந்து வளைந்து பள்ளத்தை நோக்கிப் போனால் நிலத்தடியில் சுரங்கம் விழுந்திருக்கிறது, பாட்டில் சோதனையைச் செய்யுங்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள், டிராக்டர் போக வேண்டாம்.

## அறிகுறி 6: பள்ளம் பனியால் நிரம்பி, தண்ணீர் பக்கத்தில் புதுவழி வெட்டுகிறது

காற்று ஓட்டிவந்த பனி பள்ளத்தை அடைத்து இறுகிவிடும். உருகுநீர் அதன்மேல் ஏறி விளிம்பைத் தாண்டி வயலுக்குள் பாயும். உருகல் தொடங்குவதற்கு முன்பே, இறுகின பனியில் மேலிருந்து கீழ்வரை ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சால் வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் அதைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். பாலத்துக்கு அடியில் உள்ள குழாய் வாயிலிலும், குழாய்வழி இறக்கத்தின் கம்பித் தடுப்பிலும் உள்ள பனிக்கட்டியை அதே நாளில் அகற்றுங்கள்.

## அறிகுறி 7: மூடிய பள்ளம் மறுபடி திறக்கிறது

மூடியது தண்ணீரின் பாதையாகவே இருந்தால் அது திறக்கத்தான் செய்யும். நார்வேயில் ஓடைப்பள்ளங்கள் வெட்டிய நிலங்களை அரசு உதவியோடு பெரிய அளவில் சமப்படுத்தினார்கள். தானியம் விளைந்தது, கூடவே அரிப்பும் பெருகியது. வடகிழக்குச் சீனாவில் இப்போது செய்யும் முறையில் அடியில் வடிகுழாய் பதித்து, அழுத்திக் கட்டிய வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே அரை மீட்டர் அளவுக்கு மண் போட்டு மூடுகிறார்கள். நீர் கீழே இறங்கிக் குழாயில் போக வழி இருப்பதால்தான் அது நிற்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் குழாயின் அளவைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். டயர், பழைய இரும்பு, குப்பை எதையும் உள்ளே தள்ளாதீர்கள். தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு கரையைத்தான் வெட்டும்.

## அறிகுறி 8: ஓட்டமே இல்லாத இடத்தில் நிலம் அமிழ்கிறது

கோடைக் கடைசியில், நிலம் அதிகபட்சம் இளகியிருக்கும்போது கம்பியைக் குத்துங்கள். அப்போதும் உறைந்த தளத்தில் முட்டினால் அடியில் இருப்பது நிரந்தர உறைமண், உள்ளே பனிக்கட்டி ஆப்புகள் (மண்ணுக்குள் ஆப்புபோல் இறங்கிய பனிக்கட்டி) இருக்கக்கூடும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் காட்டை அழித்து வயலாக்கிய நிலங்கள் இப்படித்தான் மேடும் குழியுமாக மாறின. இங்கே தடுப்பணையும் கல்லும் வேலை செய்யாது, தோண்டுவதும் நீரைத் தேக்குவதும் உருகலை வேகமாக்கும். குழிகளில் நீர் நிற்காமல் மேலாக வடியவிட்டு, மீதமுள்ள பாசியையும் மட்கையும் தொடாமல், அந்தப் பகுதியில் உழவை நிறுத்திவிட்டு, உறைமண் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். குழி கட்டடத்தின் பக்கமாக வந்தால் அதே வாரத்தில்.